ஊருக்கு அழுத அன்னபூரணம்

நாரந்தனையிலை ஒரு செத்தவீட்டுக்குப் பறைமேளம் முந்தி வருமோ, அன்னபூரணம் முந்தி வருவாளோ எண்டு சனம் பகிடி விட்ட காலம் ஒண்டு இருந்தது. பகிடி விட்ட வாயள் கனபேரை அவள்தான் ஒருநாள் அழுது வழியனுப்பினவள். அதுக்கு ஆருக்கும் நன்றி இருந்ததோ எண்டு கேட்டால், கேட்கிற ஆளுக்குத்தான் விசர்.

கூலிக்கு மாரடிக்கிற ஆள் எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. நல்ல கமக்காரக் குடும்பத்துப் பெண். புருசன் ஏரம்புவுக்குக் கொஞ்சம் புகையிலைத் தோட்டமும், வீட்டுக்குப் பின்னாலை ஒரு பனங்காணியும் இருந்தது. பிள்ளை குட்டி இல்லை. ஊரிலை எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறையிலை சொந்தம். அந்த முறையைச் சொல்லிக்கொண்டு படலையைத் திறந்து உள்ளை போவாள். பிணத்தின்ரை தலைமாட்டிலை குந்துவாள். பக்கத்திலை இருக்கிறவளின்ரை தோளிலை கையைப் போட்டு முதல் அடியை எடுத்தாள் எண்டால், பந்தலுக்கு வெளியிலை வெத்திலை சப்பிக்கொண்டு காணிக்கதை கதைக்கிற ஆம்பிளையளும் வாயை மூடுவினம்.

மற்றப் பெண்டுகள் செத்தவீட்டுக்குப் போறது தங்கட துக்கத்தை இறக்க. கிடக்கிறது ஆற்றை பிணமாயும் இருக்கட்டும், "ஐயோ என்னைப் பெத்தவளே" எண்டு தொடங்கி, எப்பவோ செத்த தன்ரை தாய்க்கு அழுது முடிச்சு, மூக்கைச் சீறிப்போட்டுக் கோப்பி குடிக்கப் போவினம். அன்னபூரணம் அப்பிடி இல்லை. கிடக்கிற ஆளுக்குத்தான் அழுவாள். கிழவன் ஒடியல்கூழுக்கு உறைப்புக் காணாது எண்டு சட்டியை உடைச்சதும் பாட்டிலை வரும். கள்ளுக் குடிச்சுப்போட்டு வேலியைக் கட்டிப்பிடிச்சு அழுததும் வரும். செத்தவனை உயிரோடை இருக்கேக்கை ஒருத்தரும் அவ்வளவு கவனிச்சிருக்க மாட்டினம்.

ஏன் அப்பிடி அழுதாள் எண்டதுக்கு ஒரு கதை இருக்கு.

ஐம்பத்தாறாம் ஆண்டு. சிங்களம் மட்டும் எண்டு சட்டம் வந்து நாடே கொதிச்ச வருசம். நாரந்தனையிலை அதைவிடப் பெரிய கொதிப்பு ஒரு கிடுகுவேலியாலை வந்தது. பெரியவளவுக்காரர் வேலியைக் கொஞ்சம் தள்ளி அரக்கி அடைச்சுப்போட்டினம் எண்டு பக்கத்துக் காணிக்காரன் வழக்கு வைக்க, அன்னபூரணத்தின்ரை தேப்பன் கோட்டிலை ஏறி, "ஓம், நான் கண்டனான்" எண்டு சாட்சி சொல்லிப்போட்டார். உண்மையைத்தான் சொன்னவர். அதுதான் பிழை. அந்தப் பெரியவளவு வீட்டுக்காரி பரிமளம் எண்டால் சும்மா ஆளே? வழக்குத் தோத்த அண்டைக்கே ஊருக்குச் சொல்லி அனுப்பினாள்: "அந்தப் படலைக்குள்ளை ஆரும் காலெடுத்து வைச்சால் என்ரை படலைக்குள்ளை வரவேண்டாம்."

அந்த மாரியிலை அன்னபூரணத்தின்ரை தாய் செத்துப்போனா. ஒரு பெண் வரேல்லை. பக்கத்து வீட்டு மாமி வேலி ஓட்டைக்காலை பார்த்துக்கொண்டு நிண்டா, உள்ளை வரேல்லை. பிணத்துக்குப் பக்கத்திலை அன்னபூரணம் தனிய இருந்தாள். ஒப்பாரி தனியச் சொல்லுற சாமான் இல்லை. தோளிலை கைபோட ஒருத்தி வேணும், நீ ஒரு அடி சொல்ல அவள் ஒரு அடி சொல்லவேணும். கலியாணம் கட்டிப் புதுசு, அவளுக்கு அழவும் தெரியேல்லை. வாயைத் திறந்தாள், வெக்கம் வந்திட்டுது, மூடிப்போட்டாள். வாய்க்கரிசிப் பெட்டிக்கு வந்த காகங்கள் கத்தினதுதான் சத்தம். புளியங்கூடலிலை இருந்து வந்த சொந்தக்காரர் நாலுபேர் பாடையைத் தூக்கிக்கொண்டு போச்சினம்.

அடுத்த கிழமை கோயில் கிணத்தடியிலை பரிமளம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "நாய் செத்தாலும் நாலு நாய் ஊளையிடும். உது போனதே தெரியேல்லை."

அன்னபூரணம் வாளியைக் கிணத்துக்குள்ளை விட்டுப்போட்டு நிண்டாள். அவளுக்கு நெஞ்சு வெந்துபோச்சு. தன்ரை வீட்டிலை இருந்து இனி ஒரு பிணமும் சத்தமில்லாமல் போகாது எண்டு அவள் அந்தக் கிணத்தடியிலைதான் நினைச்சவள். ஊரிலை ஒரு முறை இருக்கு, அது எல்லாருக்கும் தெரியும்: நீ ஆற்றை வீட்டிலை அழுதியோ அவை உன்ரை வீட்டிலை அழவேணும். சரி, நான் எல்லாற்றை வீட்டிலையும் அழுகிறன், பிறகு ஆர் வராமல் விடுறது எண்டு பாப்பம். ஏரம்பு தன்னிலும் பத்து வயசு மூப்பு. முதல் போறது அவர்தான் எண்டு அவளுக்குத் தெரியும். அந்த மனுசன் ஊரே குலுங்க அழுதுதான் போகவேணும். அது ஒண்டுதான் அவள் கேட்டது.

ஒண்டுதான் கேட்டாள், அதுக்குள்ளை தொய்வு எண்ட இழுப்பு வருத்தம் வந்து குந்திச்சுது.

முதல் சும்மா இருமல் எண்டுதான் நினைச்சினம். பேந்து பனி பெய்யிற நாளையிலை மூச்சு இழுக்கத் தொடங்கிச்சுது. நெஞ்சுக்குள்ளை சீழ்க்கை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். படுக்க ஏலாது, தலகாணியை மடியிலை வைச்சு அதிலை குனிஞ்சுகொண்டு இருப்பாள். குழந்தைப்பிள்ளையிலை இல்லாத தொய்வு முப்பது வயசிலை எங்காலை வந்தது எண்டு ஊர் ஆராய்ச்சி செய்துது. "செத்தவீட்டுத் தீட்டு" எண்டினம். "தாயை அழாமல் அனுப்பினவள், தாயின்ரை மூச்சு இவளிலை நிக்குது" எண்டாள் சிவக்கொழுந்து. சிவக்கொழுந்து ஏரம்புவின்ரை கூடப்பிறந்த தங்கச்சி, இரண்டு வீடு தள்ளி இருந்தவள். தமையனிலை உயிர். தமையன் பெண்டிலிலை உயிர் வைச்சது அவளுக்குப் பிடிக்காது.

பரியாரியார் ஆடாதோடைக் கசாயம் குடுத்தார், தூதுவளைச் சாறு குடுத்தார். ஒண்டுக்கும் கேட்கேல்லை எண்டவுடனை ஊமத்தம் இலையைக் காயவைச்சுச் சுருட்டிப் புகைக்கச் சொன்னார். புகைச்சாள். தலை சுத்தி, வாய் உலர்ந்து, இல்லாத ஆளோடை கதைச்சாள். கொஞ்சம் சுகமாயும் இருந்தது. ஆனால் பொம்பிளை சுருட்டுக் குடிக்கிறாள் எண்டு ஊர் முழுக்கக் கதை பறந்திட்டுது. ஊர்வாயை மூட உலைமூடி இருக்கே?

கடைசியிலை ஒருநாள் ஏரம்புதான் பிடிவாதமா பஸ்ஸிலை ஏத்தி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டுக் கதிரையிலை இருத்தி வைச்சினம். இழுப்புக் குறைய, டொக்டர் பொறுமையாச் சொன்னார்.

"அம்மா, மூச்சுப் போற குழாய் சுருங்குது. அதுதான் இந்தச் சத்தம். முழுக்க மாத்த ஏலாது, ஆனால் கட்டி வைச்சிருக்கலாம். புகை, தூசு, பனிக்குளிர், பெலத்துக் கத்துறது ஒண்டும் ஆகாது. இழுக்கத் தொடங்கினவுடனை ஒரு குளிசை போடும். மூச்சு முட்டினாப் பிறகு பாப்பம் எண்டு இருக்காதையும். குளிசை எப்பவும் கைக்கெட்டின இடத்திலை இருக்கவேணும். அளவுக்கு மிஞ்சிப் போட்டால் நெஞ்சு படபடக்கும். குளிசைக்கும் கேட்காமல் உதடு நீலம் பாரிச்சால், என்ன வேலை கிடந்தாலும் விட்டிட்டு இஞ்சை வந்திட வேணும். விளங்குதே?"

"விளங்குது ஐயா. அழலாமோ?"

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்னத்துக்கு அழப்போறீர்?"

"செத்தவீட்டிலை ஐயா."

"செத்தவீட்டுப் பக்கமே போகாதையும்," எண்டார் அவர். சாம்பிராணி, பிணத்துக்குப் பொற்சுண்ணம் இடிக்கிற தூசு, சனநெரிசல், ஒப்பாரி. தொய்வுக்காரிக்கு அதைவிட மோசமான இடம் இல்லை எண்டு விரலை மடக்கிச் சொன்னார். அன்னபூரணம் ஓம் ஓம் எண்டு தலையை ஆட்டினாள்.

ஏரம்பு அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டார், அவள் கட்டுப்படேல்லை. புகையிலைக்குப் புகை போடுற குடிலை மனுசன் பனங்காணியின்ரை அந்தலை மூலைக்கு மாத்தினார். மிளகாய் வறுக்கிற நாளையிலை அவளைக் கிணத்தடிக்கு அனுப்பிப்போட்டுக் குசினிக்குள்ளை தானே நிண்டு வறுத்தார். சுருட்டுப் பத்தவேணும் எண்டால் ஒழுங்கைக்குப் போவார். "பெண்டிலுக்குப் பயந்து தெருவிலை நிண்டு சுருட்டுக் குடிக்கிற ஆம்பிளையை இந்த ஊரிலைதான் பாக்கலாம்" எண்டு சிவக்கொழுந்து சொல்லாத வீடு இல்லை.

அன்னபூரணம் செய்த கெட்டித்தனத்தைக் கேளுங்கோ. குளிசையைப் போட்டால் கொஞ்ச நேரத்திலை நெஞ்சு திறக்குது எண்டு கண்டாள். அப்ப என்ன செய்தாள்? இழுக்கேக்கை போடுறதை விட்டாள். செத்தவீட்டுக்குப் போக முதல் போட்டாள். ஒண்டு காணாது, இரண்டு. பெரிய வீட்டுச் சாவு எண்டால் மூண்டு. கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும், ஆனால் குரல் மட்டும் மணி மாதிரி வரும். "தொய்வுக்காரி எண்டினம், என்ன தொண்டையடி உது!" எண்டு சனம் வாயிலை கைவைச்சுது. வீட்டை வந்தாப் பிறகு இரவிரவா இழுப்பாள். அப்ப குளிசை போடமாட்டாள்; அது அடுத்த செத்தவீட்டுக்கு. ஏரம்பு குளிசைப் பேணியைத் திறந்து நீட்டுவார். அவள் தள்ளி விடுவாள். வருத்தத்துக்குக் குடுத்த மருந்தை ஊருக்கு வைச்சுக்கொண்டு, வருத்தத்தைச் சும்மா தாங்கினாள். உப்பிடி ஒரு விசர் வேலையை நாரந்தனைப் பெண்ணைத் தவிர வேறை ஆர் செய்வினம்?

பத்துப் பன்னிரண்டு வருசம் இப்பிடிப் போச்சுது. முகம் வத்தி, தோள் இரண்டும் காதடிக்கு ஏறிப்போச்சு. பொடியள் அவளுக்கு 'கூக்கூ' எண்டு பட்டம் வைச்சினம். ஒழுங்கையாலை போனால் பின்னாலை நிண்டு மூச்சை இழுத்து இழுத்துக் காட்டுவினம், தாய்மார் சிரிச்சுக்கொண்டு "சீ, போங்கோடா" எண்ணுவினம். அவள் திரும்பிப் பாக்கிறேல்லை. உங்கட வீட்டிலையும் பிணம் விழும், அப்ப ஆரைக் கூப்பிடுவியள் எண்டு மனதுக்குள்ளை நினைச்சுக்கொண்டு நடப்பாள்.

எழுபத்துமூண்டு மார்கழியிலை பெரியவளவுப் பரிமளம் செத்தாள்.

பாண் ரொட்டிக்கே வரிசையிலை நிண்ட காலம் அது. வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் வராது, மருந்துக்கும் தட்டுப்பாடு. ஆஸ்பத்திரிக்குக் கடைசியாப் போனபோது மேரிறோஸ் எண்ட நேர்ஸ் மிஸி கையிலை மூண்டே மூண்டு குளிசை வைச்சு, "அக்கா, இதுக்குப் பிறகு எப்ப வருமெண்டு எங்களுக்கே தெரியாது. உயிர் போற நேரம் எண்டால் மட்டும் போடுங்கோ" எண்டு சொல்லி அனுப்பினவள்.

செய்தி வந்த காலமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. அன்னபூரணம் முதல் நாளே இழுத்துப்போட்டுச் சுவரிலை சாய்ஞ்சிருந்தவள். எழும்பி வெள்ளைச்சீலையைத் தேடினாள்.

ஏரம்பு வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டார். "இஞ்சேரும், உமக்கு மூளை இருக்கே? உம்மடை அம்மாவை நாயெண்டு சொன்னவளுக்கே அழப் போறீர்?"

"அதுக்குத்தான் போறன்."

"போகவேண்டாம். சொல்லிப்போட்டன்."

"ஊர் முழுக்க அங்கைதான் நிக்கும். நான் போகாட்டில், பெரியவளவார் நாளைக்கு எங்கட படலையையும் மறிப்பினம். பிறகு உங்களுக்கு ஆர் வாறது?"

"எனக்கு ஒருத்தரும் வரவேண்டாம்," எண்டார் மனுசன். அவர் குரல் உடைஞ்சு போச்சு. "அன்னம், நான் செத்தால் நீர் அழக்கூட வேண்டாம். மூச்சு விட்டுக்கொண்டு பக்கத்திலை இரும். அது காணும் எனக்கு."

அவளுக்கும் கண் கலங்கினதுதான். ஆனால் அந்தக் கிணத்தடிச் சொல்லு பதினேழு வருசமா அவளின்ரை காதுக்குள்ளை கிடக்குது. அதை வெட்டி எறிய ஏரம்புவாலை ஏலுமே? பேணியைத் திறந்தாள். மூண்டையும் வாயிலை போட்டு, வெறுந்தேத்தண்ணியோடை விழுங்கிப்போட்டுப் போனாள்.

அண்டைக்கு அழுத அழுகை மாதிரி அவள் ஒருநாளும் அழேல்லை எண்டு இண்டைக்கும் சொல்லுவினம்.

"பொன்வளையல் குலுங்கின கை, ஐயோ
பூவரசம் விறகுக்கோ பாரமாச்சு,
ஊரையெல்லாம் அடக்கின வாய், ஐயோ
ஒரு பிடி அரிசிக்கோ திறந்திருக்கு"

சனம் உருகிச்சுது. பரிமளத்தின்ரை மகள்மார் அவளின்ரை கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாளவை. அரிசி போட்ட வாயைப் பார்த்து அன்னபூரணத்துக்கு உள்ளுக்குள்ளை ஒரு சந்தோசம். அதை நான் மறைக்கமாட்டன், அவளும் மறைக்கேல்லை. நாயெண்டு சொன்ன வாய் பிளந்துகொண்டு கிடக்குது, அதுக்கு நான் ஊளையிடுறன், பார் எண்டு நினைச்சாள். பிணம் எடுத்தாப் பிறகு மூத்த மகள் எல்லாருக்கும் முன்னாலை சொன்னாள்: "அன்னபூரணம் மாமி, உங்கட வீட்டிலை ஒரு காரியம் எண்டால் நாங்கள் எல்லாரும் வருவம்." பதினேழு வருசம் காத்திருந்த சொல்லு. வீட்டை வந்து ஏரம்புவிட்டைச் சொன்னாள். அவர் சுடுதண்ணி வைச்சுக் குடுத்தார்.

பேந்து மாசி மாதம். ஏரம்பு தோட்டத்திலை துலா மிதிச்சுத் தண்ணி இறைச்சுப்போட்டு வந்து, வரம்பிலை இருந்தவர் எழும்பேல்லை. நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சரிஞ்சவராம். பக்கத்துத் தோட்டக்காரர் சாக்குக்கட்டிலிலை வைச்சுத் தூக்கிக்கொண்டு வந்தினம். வெறும் வயிற்றோடை போன மனுசன். அவள் அவிச்ச பனங்கிழங்கு சட்டியிலை ஆறிக்கொண்டு கிடந்தது.

அன்னபூரணம் ஓடி வந்தாள். முகத்தைக் கண்டாள். கையைப் பிடிச்சாள். வாயைத் திறந்தாள். மூச்சு அப்பவே பூட்டிப்போச்சு.

அழுகை இல்லை. சீழ்க்கைதான் வந்தது. தோள் ஏறி இறங்குது, கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது, சொல்லு ஒண்டும் வெளியிலை வரமாட்டனெண்டுது. கையை நீட்டி அலுமாரியைக் காட்டினாள். ஒருத்தி போய்ப் பேணியை எடுத்துத் திறந்து பார்த்து, "ஒண்டும் இல்லையணை" எண்டு கவிட்டுக் காட்டினாள். அன்னபூரணம் ஆற்றையோ சைக்கிளைக் குளிசைக்கு ஊர்காவற்றுறைக்கு விடச் சொல்லிச் சைகை காட்டினாள். அதுக்குள்ளை சிவக்கொழுந்து வந்திட்டாள், தலையை விரிச்சுக்கொண்டு.

"என்ரை அண்ணை கிடக்கிறார். உவவுக்குக் குளிசை வேணுமாம்! ஆம்பிளையளுக்குப் பந்தல் போட வேணும், சொந்தத்துக்குச் சொல்ல வேணும், விறகு தறிக்க வேணும். ஆரணை போறது உங்கை?"

ஒருத்தரும் போகேல்லை. கெட்ட மனதாலை எண்டு சொல்லமாட்டன். வேலை கிடந்தது, போகேல்லை.

அடுத்த நாள் காலமை ஊர் திரண்டு வந்திட்டுது. வந்திட்டுது எண்டால், ஒழுங்கை கொள்ளாத சனம். பெரியவளவார் முழுக்க வந்தினம், சொன்ன சொல்லுத் தப்பாமல். புளியங்கூடலிலை இருந்தும் வந்தினம். அவள் பதினேழு வருசம் அழுத வீடெல்லாம் வெள்ளை உடுத்துக்கொண்டு முத்தத்திலை வந்து இருந்தது. பெண்டுகள் பிணத்தைச் சுத்தி வட்டமா இருந்து தோளிலை கை போட்டினம். போட்டிட்டு அன்னபூரணத்தைப் பார்த்தினம். புருசன் செத்தால் முதல் குரல் பெண்டிலின்ரை. அவள் எடுக்காமல் மற்றவை எடுக்கிறது முறை இல்லை. அதுவும் இவள் எடுக்கிற முதல் குரலைக் கேட்கத்தான் பாதிச் சனம் வந்தது.

பாவி வாயைத் திறந்தாள். இரவெல்லாம் மனதுக்குள்ளை கட்டி வைச்ச பாட்டுக் கிடந்தது. ஒழுங்கையிலை நிண்டு சுருட்டுக் குடிச்ச கதை அதிலை இருந்தது. மிளகாய் வறுத்த கதை இருந்தது. சுடுதண்ணி வைச்சுத் தந்த கதை இருந்தது. ஒரு சொல்லு வரேல்லை. கூ... கூ... எண்டு நெஞ்சு மட்டும் கத்திச்சுது. தலைமாட்டிலை வைச்ச சாம்பிராணிப் புகை நேரே அவளின்ரை முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளி வைக்கச் சொல்லவும் அவளுக்கு வாய் இல்லை. பின்னாலை நிண்ட பொடியள் இரண்டு பேர் களுக்கெண்டு சிரிச்சாங்கள்.

பாத்துக்கொண்டு இருந்த சனம் மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கிச்சுது. "பெரியவளவுக்கு எண்டால் என்ன மாதிரிக் கத்தினவள்." "உது தொய்வில்லை, மனம் வரேல்லை." "பிள்ளை இல்லாத வீடு, பிறகு என்ன பாசம்." பரிமளத்தின்ரை மூத்த மகள் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு வெத்திலைத் தட்டத்தைத் தேடினாள்.

அப்பதான் சிவக்கொழுந்து குரலை எடுத்தாள். தமையனைப் பறிகுடுத்த ஆத்திரம் முழுக்க அதிலை இருந்தது.

"ஊருக்கெல்லாம் அழுத கிளி, அண்ணை
உமக்கெண்டால் ஊமையாச்சோ,
பெரிய வீட்டில் பாடின வாய், அண்ணை
பெத்த தாய்க்கும் பூட்டினதோ"

பெண்டுகள் பிடிச்சுக்கொண்டினம். முதல் மெல்ல, பிறகு ஊரே குலுங்க. பெரியவளவுப் பெண்டுகள் ஒரு அடி சொல்ல, புளியங்கூடல் பெண்டுகள் அடுத்த அடி. அன்னபூரணம் சொல்லிக் குடுத்த மெட்டு. அவள் அழுது பழக்கின வாயள். ஏரம்புவுக்கு அப்பிடி ஒரு அழுகை கிடைச்சுது, நாரந்தனையிலை ஒரு ராசாவுக்கும் கிடைச்சிராது. ஒவ்வொரு அடியும் அவரின்ரை பெண்டிலை வைஞ்சது. அவள் நடுவிலை இருந்து எல்லாத்தையும் கேட்டாள். இரண்டு பக்கத்தாலையும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாளவை, அந்தக் கையளை விலக்க ஏலாமல் கிடந்தாள். ஐயோ, அந்த மனுசன் என்ன கேட்டவர்? மூச்சு விட்டுக்கொண்டு பக்கத்திலை இரு எண்டுதானே கேட்டவர். அதைக்கூடச் செய்ய ஏலேல்லையே எண்டு அவளுக்கு உள்ளுக்குள்ளை எரிஞ்சுது.

உதடு நீலம் பாரிச்சதை ஒரு கிழவர்தான் கண்டார். "உந்தப் பிள்ளையைக் காரிலை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோவன்" எண்டார்.

"என்ன பேச்சுப் பேசுறியள் அப்பு? புருசன்ரை பிணம் முத்தத்திலை கிடக்க, பெண்டில் கார் ஏறிப் போறதோ?" எண்டு ஒருத்தி சீறினாள்.



தாலி கழட்டுற நேரம் அவள் பிணத்தின்ரை நெஞ்சிலை முகம் குப்புற விழுந்தாள். மயக்கம் போட்டு அறிவு கெட்டுப்போச்சு. சனத்துக்கு அப்பதான் மனம் ஆறிச்சுது. "ம், கடைசியிலை எண்டாலும் பெண்டில் மாதிரி விழுந்தாள்" எண்டு ஒருத்தி கண்ணைத் துடைச்சாள்.

பிணம் சுடலைக்குப் போச்சுது. அதுக்குப் பிறகுதான் அவளைக் கொண்டுபோகக் கார் வந்து படலையிலை நிண்டது. ஆனால் செத்தவீட்டுத் துடக்கோடை ஏத்தலாமோ? வீடு கழுவி எல்லாரும் முழுகவேணும், அது முறை. கிணத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய் இருத்தி, வாளி வாளியா அள்ளித் தலையிலை ஊத்தினாளவை. மாசிப் பனியிலை குளிர்ந்த தண்ணி. முதல் வாளிக்கு அவள் கண்ணைத் திறந்து பார்த்தவள். ஈரச்சீலையோடை காரிலை கிடத்திச்சினம். ஆஸ்பத்திரி வாசலிலை மேரிறோஸ் மிஸி ஓடி வந்து கையைப் பிடிச்சுப் பார்த்துப்போட்டு, "ஏன் இவ்வளவு நேரம் வைச்சிருந்தனீங்கள்?" எண்டு கேட்டாள்.

அடுத்த நாள் அதே முத்தத்திலை, அதே பந்தலுக்குள்ளை அவளைக் கிடத்திச்சினம். பந்தல் அவிழ்க்காமல் இருந்தது நல்லதாப் போச்சு எண்டு ஒருத்தர் சொன்னார். மேளகாரர் முதல் நாளே திரும்பிப் போயிட்டினம், பேந்து கூப்பிடேல்லை. பெண்டுகள் வந்தினம். வராமல் விடேல்லை, அவள் அழுத கணக்குக்கு எல்லாரும் வந்து வட்டமா இருந்து தோளிலை கை போட்டினம்.

பிள்ளை இல்லை, புருசன் இல்லை. முதல் குரல் சிவக்கொழுந்துதான் எடுக்கவேணும். "ஐயோ என்ரை மச்சாள்" எண்டு வாயைத் திறந்தாள். முதல் நாள் முழுக்க அவளைத் திட்டிக் கத்தின தொண்டை. கட்டிப்போய்க் காத்துத்தான் வந்தது. செருமிப் பார்த்தாள். மல்லித்தண்ணி குடிச்சுப் பார்த்தாள். பரிமளத்தின்ரை மகளைப் பார்த்தாள். அவள் தன்ரை கழுத்தைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். அங்கை இருந்த ஒருத்திக்கும் தொண்டை இல்லை.

வெயில் ஏறிச்சுது, ஈ மொய்க்கத் தொடங்கிச்சுது.

"இருந்து என்ன செய்யிறது?" எண்டாள் சிவக்கொழுந்து, அடைச்ச குரலிலை. "அழுகிறதெல்லாம் நேற்று அழுதாச்சு. கெதியா எடுக்கச் சொல்லுங்கோ."

எடுத்தினம். ஒருத்தி மட்டும் எழும்பி, வாய்க்கரிசிப் பெட்டிக்கு வந்து கத்தின காகங்களைக் கலைச்சாள்.